எத்தனை டி-சர்ட் போதும்? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துணிக்கடை மேடையில் நாலைந்து டி-சர்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இருக்கறதே போதுமா, இன்னும் ரெண்டு எடுக்கட்டுமா" என்று தடுமாறுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்கெல்லாம் சேலம் வெயிலையும் சேலம் தண்ணீரையும் வைத்துப் போட்டவை. ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு நடுவில் வருகிறது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத்தனை இருந்தா போதும்?

வெளியே போட ஏழு, வீட்டில் போட மூன்று. மொத்தம் பத்து. வாரத்துக்கு இரண்டு முறை துணி துவைக்கும் வீட்டில், தினமும் டி-சர்ட் போடுகிற ஒருவருக்கு இது தாராளமாகப் போதும்.

அதென்ன ஏழு? ஜோசியமா, கணக்கா?

கணக்குதான். டி-சர்ட் எண்ணிக்கையை முடிவு செய்வது பீரோவின் அகலமோ சம்பளமோ இல்லை, துவைக்கும் நாள்தான். ஒரு டி-சர்ட் நாலு இடத்தில் ஒன்றில் இருக்கும்: உடம்பில், அழுக்குக் கூடையில், கொடியில், அடுக்கில். முதல் மூன்று இடத்திலும் சட்டைகள் மாட்டிக்கொண்டிருக்கும்போது அடுக்கில் ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு துவைப்புக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை நாள் என்று பாருங்கள். அதோடு, துவைத்தது காய்ந்து மடித்து அடுக்கில் ஏற ஆகும் நாளைக் கூட்டுங்கள். வந்ததை, ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறீர்களோ அதால் பெருக்குங்கள். கடைசியில் கையிருப்பாக இரண்டு சேருங்கள். புதன், ஞாயிறு என்று வாரம் இரண்டு முறை துவைத்தால் நீளமான இடைவெளி 4 நாள். காய 1 நாள். ஒரு நாளைக்கு ஒன்று. ஆக, 4-ம் 1-ம் 5, கையிருப்பு 2, மொத்தம் 7.

கையிருப்பு ஏன் இரண்டு என்றால், இரண்டு விதமான தொல்லை உண்டு. ஒன்று, கறை: தட்டுவடை செட் சாப்பிடும்போது சட்னி மேலே விழுவது மாதிரி. இன்னொன்று, துவைக்கும் நாள் தள்ளிப்போவது: கரண்ட் இல்லை, தண்ணி வரவில்லை, மெஷின் மக்கர். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தாலும் சமாளிக்கலாம்.

வீட்டுல போடற பழசும் இந்த ஏழுக்குள்ள வருமா?

வராது. இரண்டையும் கலந்து எண்ணுவதுதான் பெரும்பாலான வீடுகளில் குழப்பத்துக்குக் காரணம். "பதினெட்டு வச்சிருக்கேன், ஆனா வெளிய போட ஒண்ணுமில்ல" என்பவர் பீரோவைத் திறந்தால் பன்னிரண்டு டி-சர்ட் கழுத்து தொங்கிப்போனதாக இருக்கும்.

வீட்டுக் கணக்கிலும் அதே முறைதான். ஆனால் வீட்டில் போட்டதை இரண்டு ராத்திரி போடலாம், அதனால் நாளுக்கு அரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-இல் பாதி இரண்டரை, அதாவது மூன்று. வீட்டுச் சட்டைக்குக் கையிருப்பு வேண்டாம். இல்லாத நாளில் லுங்கியும் பனியனும் இருக்கவே இருக்கின்றன.

நான் ஆபீசுக்கு ஃபார்மல் சட்டைதான் போடறேன். எனக்கும் ஏழு வேணுமா?

வேண்டாம், ஐந்து போதும். திங்கள் முதல் சனி வரை சட்டை போடுகிறவர் டி-சர்ட்டில் வெளியே போவது ஞாயிற்றுக்கிழமையும், சாயங்காலம் மூன்று நாளும் என்று வாரத்துக்கு நாலு தடவை இருக்கும். அதாவது நாளுக்குச் சுமார் அரை. 5-இல் பாதி இரண்டரை, கையிருப்பு 2, மொத்தம் நாலரை; ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் அளவுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆபீஸ் சட்டை அலுத்துப்போவதால் ஆசை எல்லாம் டி-சர்ட்டில் இறங்கிவிடுகிறது. போடுவதற்கு நாள் இல்லாமல் அவை மடிப்பு கலையாமல் கிடக்கும்.

ஹாஸ்டல்ல இருக்கேன்ணா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் துவைப்பேன்.

இடைவெளி 7, காய 1, கையிருப்பு 2. பத்து வேண்டும். ஆனால் புதன்கிழமை ராத்திரி பக்கெட்டில் மூன்றை மட்டும் ஊறவைத்து அலசிப் போட்டால் இடைவெளி நாலாகிவிடும், தேவையும் ஏழாக இறங்கிவிடும். மூன்று டி-சர்ட் அலச இருபது நிமிடம் ஆகாது. புதிதாக மூன்று எடுக்கிற காசு மிச்சம், அறையில் வைக்கிற இடமும் மிச்சம்.

ஒரு வாரம் முழுக்க வியர்வையோடு சுருட்டி மூட்டைக்குள் வைத்தால் வாடை நூலுக்குள் ஏறிவிடும், பிறகு சோப்புக்கு மசியாது. பத்து வைத்திருந்தாலும், கழற்றியதும் ஒரு ராத்திரி கொக்கியில் தொங்கவிட்டு, உலர்ந்த பிறகே மூட்டையில் போடுங்கள்.

ஒரு தடவை போட்டதை அப்படியே மறுபடி போடலாமா?

மாதத்தைப் பொறுத்தது. மார்ச் முதல் ஜூன் வரை சேலத்தில் வெளியே போட்டதை மறுபடி போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் காற்றாட மாட்டி வைத்து, இன்னொரு நாள் போடலாம். சோதிக்கிற இடம் கம்கட்டு: அங்கே கையால் தொட்டால் பிசுபிசுப்போ மொடமொடப்போ இருந்தால் துவைக்கத்தான் வேண்டும்.

பாலியெஸ்டர் கலந்த டி-சர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வாடை வருவது அதில்தான் சீக்கிரம்.

கோடையில ஒரு நாளைக்கு ரெண்டு மாத்த வேண்டியிருக்குங்க. அப்ப பன்னண்டு வாங்கணுமா?

கணக்கை அப்படியே போட்டால் 5 × 2 + 2, பன்னிரண்டுதான் வரும். ஆனால் வாங்க வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் காலை ஒன்பது மணிக்குக் கொடியில் போட்டது மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். காயும் நாள் பூஜ்ஜியம். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் 2 × 2 + 2, ஆறு. உங்களிடம் ஏழு இருக்கிறது.

இடிப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். வியர்வை குறைவு, ஆனால் காய ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட இழுக்கும். அந்த நேரத்தில் கையிருப்பு இரண்டும் வேலைக்கு வந்துவிடும். மெஷினில் கடைசியாக ஒருமுறை கூடுதலாக ஸ்பின் விட்டு, ஹேங்கரில் மாட்டி, ஃபேனுக்குக் கீழே விரல்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் ஒரு ராத்திரியில் முக்கால்வாசி உலர்ந்துவிடும். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி லேசில் போகாது.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். துணியே காய மாட்டேங்குது. எங்களுக்கு ரெண்டு மடங்கு வேணுமில்ல?

அப்படித்தான் தோன்றும், கணக்கில் வேறு மாதிரி வருகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் இருப்பதைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. மழைக்காலத்தில் காய 3 நாள் என்றே வைத்துக்கொள்வோம். இடைவெளி 4, காய 3, மொத்தம் 7 நாள். ஆனால் அந்தக் குளிரில் ஒரு டி-சர்ட் இரண்டு நாள் தாங்கும், நாளுக்கு அரைதான். 7-இல் பாதி மூன்றரை, கையிருப்பு 2. ஐந்தரை, அதாவது ஆறு. சேலத்துக்காரரைவிட ஒன்று குறைவு!

மாற வேண்டியது எண்ணிக்கை இல்லை, வகை. ஆறில் இரண்டு முழுக்கை இருக்கட்டும். மீதி நாலை ஸ்வெட்டருக்கு உள்ளே போடுகிற மாதிரி மெலிசாக எடுங்கள். தடிமனான ஒன்றைப் போடுவதைவிட மெலிசாக இரண்டு அடுக்கு குளிருக்கும் நல்லது, காயவும் சீக்கிரம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் அதற்கென்று அடர்நிற முழுக்கை மூன்றைத் தனியாக ஒதுக்குவது உத்தமம். காப்பிச் செடிக் கிளை இழுத்து நூல் பிரிவதும் மண் கறையும் தினசரி சங்கதி, அதில் நல்ல சட்டையை விடக் கூடாது.

ரெண்டு நாள் ஏற்காடு போறோம், பேக்ல எத்தனை வைக்கறது?

போட்டுக்கொண்டு போவது ஒன்று, பேக்கில் இரண்டு, ஒரு ஸ்வெட்டர் அல்லது ஜாக்கெட். பைக்கில் போனால் போட்டுக்கொள்வது முழுக்கையாக இருக்கட்டும்: அடிவாரத்தில் வியர்த்த உடம்போடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, பாதி வளைவு தாண்டியதும் காற்று சில்லென்று அடிக்கும், நனைந்த பருத்தி உடம்பில் ஒட்டி நடுங்கவைக்கும். மேலே போனதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். பனிமூட்டத்தில் கொடியில் போட்டுக் காயவைக்கலாம் என்று நம்பிக் குறைவாக எடுத்துப் போகாதீர்கள்.

ரவுண்ட் நெக் எத்தனை, காலர் வச்சது எத்தனை?

ஏழில் நாலு ரவுண்ட் நெக், மூன்று காலர். பேங்க், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், சொந்தக்காரர் வீட்டுக்குத் திடீரென்று போவது, இதற்கெல்லாம் காலர் வைத்தது சட்டைக்குச் சமமாகப் போய்விடும். ரவுண்ட் நெக் போனால் பெரியவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு இரண்டுமே வேண்டாம். வெண்பட்டு நெய்கிற ஊரில் முகூர்த்தத்துக்கு டி-சர்ட்டில் போய் நிற்பது நன்றாக இல்லை.

மூன்றுக்கு மேல் காலர் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அந்தப் பொடிக் கட்டம் போட்ட பிக்கே துணி 200 முதல் 220 ஜிஎஸ்எம் (துணியின் கனத்தைச் சொல்லும் எண்) இருக்கும், காய அதிக நேரம் எடுக்கும், சேலம் மதியத்தில் கனக்கும். காலர் நுனி சுருண்டுகொள்ளும் தொல்லை வேறு. காலர் தனியாகப் பின்னி வைத்துத் தைத்தது, உடல் துணி ஒரு அளவு சுருங்க அது வேறு அளவு சுருங்குவதால்தான் சுருள்கிறது. பட்டனைப் போட்டுவிட்டுத் துவையுங்கள். லேசான ஈரத்தில் காலரின் அடிப்பக்கத்தை நுனியிலிருந்து நடுவுக்கு இஸ்திரி போடுங்கள்.

என்ன கலர் எடுத்தா எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்?

நேவி இரண்டு, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, மிலிட்டரிப் பச்சை ஒன்று. மீதி இரண்டு உங்கள் இஷ்டம். மெரூனோ, கோடு போட்டதோ, படம் போட்டதோ. நீல ஜீன்சுக்கும் சந்தனக் கலர் பேண்ட்டுக்கும் இந்த ஐந்தும் ஒத்துப்போகும்.

சாம்பல் நிறத்தை, அதிலும் நூல் கலந்த மெலாஞ்ச் சாம்பலை, கோடையில் தவிர்த்துவிடுங்கள். வியர்வை ஈரம் அதில்தான் படம் வரைந்த மாதிரி தெரியும். வெள்ளை, நேவி, கறுப்பு மூன்றும் ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது. வெள்ளையை ஒன்றோடு நிறுத்தச் சொல்வது, அதை மங்கவைக்கும் போர் தண்ணிக்குப் பயந்து. மாம்பழச் சீசனில் வரும் கறைக்கும்தான்.

ஜிஎஸ்எம் ஜிஎஸ்எம்னு சொல்றாங்களே, எது எடுக்கணும்?

ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடைதான் ஜிஎஸ்எம். சேலத்துக்குத் தினசரி போட 160 முதல் 180. 140-க்குக் கீழே போனால் உடம்பு தெரியும், சீக்கிரம் உருக்குலையும். 200-க்கு மேலே போனால் ஏற்காட்டுக்கும் மார்கழி விடியற்காலைக்கும் சரி, சித்திரை மதியத்துக்குச் சரிவராது.

கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்ப மனமில்லையா? வீட்டுத் தராசே போதும். எல் சைஸ் அரைக்கை டி-சர்ட் ஒன்றில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணி இருக்கும். எனவே தராசில் எத்தனை கிராம் காட்டுகிறதோ, கிட்டத்தட்ட அதுவே ஜிஎஸ்எம். 180 என்று சொல்லி விற்றது 135 கிராம் காட்டினால் மறுமுறை அந்தக் கடைக்குப் போக வேண்டாம். ஆனால் எடை மட்டும் தரமில்லை. கோம்டு பருத்தியா என்று கேளுங்கள். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல் அது, பொடி உருண்டை குறைவாகக் கிளம்பும்.

புதுசு ரெண்டே துவைப்புல குட்டையாகி, தையல் முன்னாடி வந்துருச்சு. துவைச்சதுல தப்பா?

பெரும்பாலும் துவைப்பில் தப்பில்லை. பின்னல் துணியைச் சாயம் ஏற்றும்போதும் உலர்த்தும்போதும் நீளவாக்கில் இழுத்துவிடுகிறார்கள். காம்பாக்டிங் என்ற வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அந்த இழுவை முன்பே தளர்ந்திருக்கும். செய்யாவிட்டால் உங்கள் வீட்டு பக்கெட்டில் தளரும். 28 அங்குல நீளத்தில் 5 சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். வீட்டில் உங்களுக்குப் பிடித்த டி-சர்ட்டைத் தரையில் விரித்து, தோளிலிருந்து கீழ் ஓரம் வரையும் கம்கட்டிலிருந்து கம்கட்டு வரையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். புதுசு நீளத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக இருந்தால் எடுங்கள்.

பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருவது வேறு கோளாறு. நூலில் இருக்கும் முறுக்கு, ஒற்றைப் பின்னலில் துணியைச் சாய்த்துவிடுகிறது. இதற்கு வைத்தியம் கிடையாது. கடையிலேயே டி-சர்ட்டை இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழ் ஓரத்தில் தையல் ஓரத்தை விட்டு ஒரு அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எங்க தெருவுல உப்புத் தண்ணி. துணி மொடமொடன்னு ஆயிருது. அதுக்காகவே அதிகமா வாங்க வேண்டியிருக்கு.

மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது உள்ள மலைக்குப் பக்கத்து ஊர் இது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காத தெரு நிறைய உண்டு. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் துவைக்கிற சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத பிசினாகி நூலில் படிகிறது. மொடமொடப்பும் வெள்ளை மங்குவதும் அதனால்தான். தண்ணீரில் இரும்பும் இருந்தால் மஞ்சள் ஏறும்.

அதிகம் வாங்குவது இதற்கு மருந்தில்லை, பத்து டி-சர்ட்டும் ஒரே மாதிரி மொடமொடக்கும். சோப்புக் கட்டியை விட்டுவிட்டுப் பவுடரோ லிக்விடோ போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூர் தண்ணி ஒரு பக்கெட் பிடித்து வையுங்கள். டி-சர்ட்டுக்கு மட்டும் என்றால் அந்த ஒரு பக்கெட் தாராளம். ஏற்கெனவே மொடமொடத்ததை, அரை பக்கெட் தண்ணீரில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரைமணி ஊறவைத்து அலசினால் படிவு பெரும்பாலும் கரையும். வினிகரையும் பிளீச்சிங்கையும் மட்டும் எக்காரணத்துக்கும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கம்கட்டுல மஞ்சக் கறை. பிளீச்சிங் போட்டா இன்னும் மஞ்சளாகுதே?

அது வெறும் வியர்வை இல்லை. வியர்வையைத் தடுக்கும் டியோடரண்டுகளில் இருக்கும் அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாகும் கறை. குளோரின் பிளீச் அதை இன்னும் அழுத்தமாக்கிவிடும். மூன்று பங்கு ஆப்ப சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, உள்பக்கம் தடவி அரைமணி விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் துவையுங்கள். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று துவைப்பு ஆகும். கறை போகும் வரை அந்த இடத்தில் இஸ்திரி வைக்க வேண்டாம், சூட்டில் இறுகிவிடும். வராமல் தடுக்க வேண்டுமென்றால், டியோடரண்டு காய ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு டி-சர்ட்டை மாட்டுங்கள்.

வயித்துப் பக்கம் மட்டும் பொடிப் பொடியா ஓட்டை விழுது. பூச்சியா?

பூச்சி அரித்தால் அங்கே இங்கே என்று சிதறி இருக்கும். ஜீன்ஸ் பட்டனுக்கு நேராக மட்டும் மூன்று நாலு ஊசி ஓட்டை என்றால், காரணம் பட்டனும் பெல்ட் பக்கிளும்தான். சமையல் மேடை, ஆபீஸ் மேஜை, கடை கவுண்டர் என்று எதிலாவது சாய்ந்து நிற்கும்போது நடுவில் மாட்டிய துணி நசுங்கி நூல் அறுகிறது. அதோடு ஜிப் திறந்த பேண்ட்டுகளைச் சேர்த்து மெஷினில் போட்டால் சொல்லவே வேண்டாம். ஜிப்பை மூடி, டி-சர்ட்டுகளை உள்பக்கம் திருப்பித் தனியாகத் துவையுங்கள்.

திருப்பூர் போய் மொத்தமா அள்ளிட்டு வந்தா மலிவுதானே?

வாங்கப் போவது ஏழு என்றால், போக வர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் பஸ் செலவையும் ஒரு நாளையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணன் தம்பி, மச்சான் என்று நாலு பேர் தேவையைச் சேர்த்துக்கொண்டு போனால்தான் கட்டுபடியாகும். தனியாளுக்குச் சேலத்திலேயே முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கமே போதும்; மாற்றவும் எளிது.

போவதாக இருந்தால் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வேறு, செகண்ட்ஸ் வேறு என்று தெரிந்துகொண்டு போங்கள். சர்ப்ளஸ் என்பது ஆர்டருக்கு மேல் தைத்து மிஞ்சிய நல்ல சரக்கு. செகண்ட்ஸ் என்பது கோளாறுள்ளது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசிக்கோடும் ஓட்டையும் பாருங்கள், உடலுக்கும் கைக்கும் சாயம் ஒன்றா என்று பாருங்கள், மெஷின் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்குத் தைத்த எல் சைஸ் நம் ஊர் எக்ஸ்எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். லேபிளை நம்பாமல், போனில் குறித்த அளவை வைத்து டேப்பால் அளந்து வாங்குங்கள்.

தினமும் மெஷின் போடற வீடு எங்களது. அப்ப மூணே போதுமா? இல்ல ஒரேயடியா இருபது வாங்கிட்டா அஞ்சு வருஷம் கவலையில்லையா?

மூன்றை வைத்து ஓட்டலாம், ஆனால் அதில் மிச்சம் எதுவும் இல்லை. மூன்றைச் சுழற்றினால் ஒவ்வொன்றும் வருஷத்துக்குச் சுமார் 120 துவைப்பு வாங்கும். ஏழாக இருந்தால் 52. ஒரு டி-சர்ட் 60 துவைப்பு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று எடுப்பார், ஏழு வைத்திருப்பவர் பதினாலு மாதத்துக்கு ஒருமுறை ஏழு எடுப்பார். செலவு இருவருக்கும் ஒன்றேதான். மூன்று வைத்திருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது பதற்றம் மட்டும்.

அதே கணக்கில் இருபதும் நஷ்டமில்லை என்று தோன்றும். காகிதத்தில் சரி. ஆனால் ஐந்து வருஷத்தில் வயிறு அப்படியே இருக்காது. கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டியில் இருக்கும் லைக்ரா போடாமல் வைத்தாலும் மெல்ல இழுவையை இழக்கும். மடிப்புக் கோட்டில் சாயம் மங்கும், மழைக்காலத்தில் அடி அடுக்கில் பூசணம் பிடிக்கும். இரண்டு வருஷத்துக்குள் தேய்த்து முடிக்க முடியாததை வாங்க வேண்டாம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போடுகிறவருக்கே அது பன்னிரண்டைத் தாண்டாது.

விலையையும் இப்படியே பார்க்கலாம். 200 ரூபாய்க்கு எடுத்தது 20 துவைப்பில் உருக்குலைந்தால் ஒரு தடவை போட 10 ரூபாய். 450 ரூபாய்க்கு எடுத்தது 60 துவைப்பு நின்றால் ஏழரை ரூபாய்.

ஏற்கெனவே இருபத்தஞ்சு கிடக்கு. எதை வச்சுக்கறது, எதைக் கழிக்கறது?

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி உட்கார வேண்டாம். அப்படி உட்கார்ந்தால் ஒன்றையும் கழிக்க மனம் வராது. துவைத்து வந்ததை அடுக்கின் அடியில் சொருகுங்கள், போடும்போது மேலிருந்து எடுங்கள். மேலே இருப்பதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை உருவத் தோன்றுகிறதே, அந்த மேலே இருப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்தில் பிடிக்காதது, பத்தாதது எல்லாம் தனி அடுக்காகச் சேர்ந்துவிடும். அதில் நல்லதாக இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

போட்டுத் தேய்ந்ததற்குச் சோதனை கழுத்து. ரிப்பை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பாமல் அலையலையாக நின்றால் அது வீட்டுக் கணக்குக்குப் போக வேண்டியது. வீட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தால், அதில் மிகப் பழையது வண்டி துடைக்கப் போகட்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இருபத்தைந்தில் வந்து நிற்பீர்கள்.

வாக்கிங், ஜிம்முக்குப் போடறது?

தனி. பாலியெஸ்டர் டிரை-ஃபிட் இரண்டு போதும். அடிவாரம் வரை நடந்துவிட்டு வந்ததும் குளிக்கும்போதே அலசிப் போட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்திருக்கும். இதற்கு கம்ஃபர்ட் மாதிரியான கண்டிஷனர் ஊற்றாதீர்கள், நூலில் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது.

கம்பெனியில லோகோ போட்டு நாலு குடுத்தாங்க, வீட்டம்மா ஆடித் தள்ளுபடியில ரெண்டு எடுத்துட்டு வந்துட்டாங்க. இதையெல்லாம் எப்படிங்க கணக்குல சேர்க்கறது?

கம்பெனி கொடுத்ததை அலுவலக நிகழ்ச்சிக்கு ஒன்று வைத்துக்கொண்டு, மீதியை வீட்டுக் கணக்கிலும் வாக்கிங் கணக்கிலும் தள்ளிவிடுங்கள். முதுகு முழுக்க ரப்பர் பிரிண்ட் போட்டது காற்றே விடாது. அதை வாக்கிங்குக்கு எடுக்க வேண்டாம். பிரிண்ட் மேல் நேராக இஸ்திரி வைத்தால் உருகிப் பெட்டியில் ஒட்டும், உள்பக்கம் திருப்பித்தான் போட வேண்டும்.

வீட்டம்மா எடுத்தது ஏழுக்குள் கட்டாயம் வரும். சைஸ் சரியில்லை என்றால் டேக்கைக் கிழிக்காமல், தண்ணீரில் போடாமல், பில்லோடு அந்த வாரமே கொண்டுபோய் மாற்றுங்கள். தள்ளுபடிச் சரக்கை மாற்றித் தர மாட்டோம் என்று பில்லின் கீழே அச்சடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். கலர்தான் பிடிக்கவில்லை என்றால், அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை.